பன்னிரண்டு தசம் ஆறு

அசர் பாங்கு முடிந்து சாகாம வீதி மறுபடி இரையத் தொடங்கிய நேரம்
கிருபைராசா சைக்கிளை என் கடை வாசலில் சாய்த்தார்.
கரியரில் ரியூப் றப்பரால் இறுக்கிய பற்றரி,
முழங்கால்வரை களப்புச் சேறு.
"ராவைக்கு இறால் விளக்கு ஒரு மணித்தியாலம் நிக்குதில்ல கா.
மறுகா மங்கிப் போகுது.
மீற்றர்ல மட்டும் புதுசு மாதிரிக் காட்டுது."

வைத்துப் பார்த்தேன்.
சிவப்பு வயர் நேர்முனையில், கறுப்பு மறைமுனையில்.
பன்னிரண்டு தசம் ஆறு.
உள்ளே ஆறு அறை, அறைக்கு இரண்டு தசம் ஒன்று.
கணக்கில் பிசகில்லை.

மின்னியக்க விசை என்று பாடப்புத்தகம் சொல்லும்.
விசை என்ற பேர்தான்.
எதையும் பிடித்துத் தள்ளும் கை இல்லை அது.
ஈயமும் அமிலமும் இருட்டில் பேசி முடித்த கூலி:
ஓர் அலகு ஏற்றத்தை மேட்டில் ஏற்றிவிட
இவ்வளவு தருவோம் என்று.

ஏற்றம்.
மின்னுக்கும் அதே சொல், ஏறுவதற்கும் அதே சொல்.
சாகாமத்தில் வாய்க்கால் பள்ளம், வயல் மேடு.
பம்ப் தண்ணீரைப் படைப்பதில்லை,
தூக்கி வரம்புக்கு மேலே விடுகிறது.
இறங்கிப் போவது தண்ணீரின் பாடு.
கம்பிக்குள்ளும் முன்பே நிறைந்து கிடக்கிறது கூட்டம்;
அதன் நடையை நத்தை முந்திவிடும்.
ஆளியைத் தட்டியதும் விளக்கு எரிவது
யாரோ ஓடிவந்ததால் அல்ல,
முழு வரிசையும் ஒன்றாய் நகரத் தொடங்கியதால்.

ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கொழுவினேன்.
மீற்றரை எடுக்கவில்லை.
பன்னிரண்டு... பத்து... எட்டு தசம் இரண்டு.
பல்ப் பழுத்த கொய்யா நிறத்தில் நின்றது.

"அப்ப மீற்றர் பொய்யா?"
"இல்ல. ஒண்டும் கேக்காத வரைக்கும் அது மெய்."
"மிச்சம் எங்க போச்சு?"
"உள்ளுக்கத்தான்."
மூடியைத் திறந்து காட்டினேன்.
தகடுகளில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் படை.
அகத்தடை.
வெளியே வருவதற்கு முன்
தன்னையே கடக்க வேண்டியிருக்கிறது இதற்கு.
கடந்த செலவு சூடாகிவிட்டது.
தொட்டுப் பார்த்தார்,
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல்.

எனக்கு நானா இஃப்ஹாம் ஞாபகம் வந்தார்.
ஒவ்வொரு பெருநாளும் சொல்வார்,
"என்ன வேணுமெண்டாலும் கேளு மஸாஹிறா."
முழு அழுத்தம். நானும் மகிழ்ந்திருக்கிறேன்.
கடைக்கு மூன்று மாத வாடகை நிலுவை நின்றபோது கேட்டேன்.
குரல் இறங்கியதை
அளக்க மீற்றர் தேவைப்படவில்லை.
அவர் பொய்யர் அல்லர்.
உள்ளுக்குள் என்னென்ன படிந்திருந்ததோ.

கிருபைராசா சேற்றுக் காலைப் பார்த்தபடி கேட்டார்,
"வேற ஒண்டு கடனுக்குத் தருவியா புள்ள?
இருட்டுக்க இறால் வராது."
நான் உடனே பதில் சொல்லவில்லை.
போன மாதத்து ஆயிரத்து எண்ணூறு,
ஈய விலை, அமில விலை, வாடகை,
எல்லாவற்றையும் தாண்டித்தான்
என் "சரி" வாய்க்கு வந்தது.
வந்தபோது அது மிகச் சின்னதாக இருந்தது.
அவர் அதைக் கவனித்திருப்பார்.
ஒன்றும் சொல்லாமல் றப்பரை இறுக்கினார்.

இரவு களப்பில் எத்தனை விளக்கு,
எது அவருடையது, தெரியாது.
நான் போய்ப் பார்க்கவுமில்லை.

காலையில் கடை திறந்து
மூலையில் கிடந்த அவரது பழைய பற்றரியில்
சும்மா ஒருமுறை வயரை வைத்தேன்.
ஓர் இரவு முழுதும் யாரும் எதுவும் கேட்காமல்
கிடந்திருந்தது அது.
பன்னிரண்டு தசம் ஆறு.