அரைப்புள்ளி

சிங்கப்பூரிலிருந்து நாச்சியப்பன் எழுதுகிறார்,
எனக்கு ‘ஈகிள் ஐ’ என்று.
தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி என் அலுவலகம்.
பருந்து இங்கே கோழிக்குஞ்சு தூக்கும்.
நான் தூக்குவது சாண் கணக்கு:
வடக்கு இருக்கவேண்டிய இடத்தில் தெற்கு,
நாலை நாலரையாக்கிய
யாரோ ஒருவரின் பழைய பேனா.

முந்தின வாரம் ‘புக்வார்ம்’ என்றார்.
அந்நேரம் அவர்கள் வீட்டுப் பத்திரக் கட்டு
மேஜைமேல் பிரிந்து கிடந்தது.
எனக்கு முன்னமே படித்து முடித்திருந்தது பூச்சி,
அட்டை தொடங்கி அட்டை வரை
ஒரே துளையாக,
பெயர், தொகை, சாட்சி என்று பேதம் பாராமல்.
எனக்கு அப்படிப் படிக்க வந்திருந்தால்
இந்நேரம் சொந்த வீடு.

‘வொரேஷியஸ் ரீடர்’ என்றதற்கு
கடைப்பையன் ஆரோக்கியம் போனில் தேடி
“பெருந்தீனிக்காரியாம் அக்கா” என்றான்.
என் டப்பாவில் இரண்டு இட்லி.

வரிகளுக்கு நடுவே படிக்கிறவள் என்றும் ஒருநாள் வந்தது.
அது மட்டும் பிடித்தது.
நடுவே தானே எல்லாம் இருக்கிறது;
அடித்தல் திருத்தல் இல்லை என்று
அடித்துத் திருத்தி எழுதியிருக்கும் ஊர் இது.

நேற்று அங்கேதான் சிகப்பியைப் பார்த்தேன்.
ஐம்பத்தோராம் வருஷப் பாகப்பிரிவினை,
கையெழுத்துகள் பதினொன்று.
கட்டின் அடியில் அதே வருஷத்துக் கோயில் வரி ரசீது:
இந்த வீட்டுக்குப் பதினொன்றரைப் புள்ளி.
புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு புள்ளி.
அவன் மோல்மேனில் காய்ச்சலில் போனான்,
அவள் அரையானாள்.
கோயில் அரைக்கும் வரி வாங்கியிருக்கிறது.
வீடு பிரித்தவர்கள்
அரையை எண்ணவில்லை.

பள்ளிக்கூடத்தில் அரைப்புள்ளிக்கு
இரண்டு மாத்திரை நிறுத்தச் சொன்னார்கள்.
நான் சாயங்காலம் வரை நிறுத்தினேன்.

பிறகு டைப் அடித்தேன்:
ஐயா, சிகப்பி சுவீகாரம் எடுத்த பிள்ளையின் பேரன்
வயிரவன், காரைக்குடியில் பேட்டரி கடை வைத்திருக்கிறார்.
அவர் கையெழுத்தில்லாமல்
இந்த வீட்டை விற்க முடியாது.

இரண்டு நாள் கழித்துப் பதில்:
‘நோட்டட்.’

மூன்று தடவை படித்தேன்.
ஒரே வரி.
நடுவே பார்க்க இடமில்லை.

“பருந்து என்னக்கா ஆச்சு?” என்கிறான் ஆரோக்கியம்,
மிஷினில் காகிதம் சிக்கியதை
இழுத்துக்கொண்டே.