கண்ணாடிப் பட்டை

உடைந்த பைபர் வள்ளத்தின் பாதியைக்
கவிழ்த்துப் போட்டால் கூரை.
கீழே நான்கு மீன்பெட்டி, ஒரு பலகை:
சவேரியம்மாவின் கடை.
சின்னப்பாலத்தில் யாரும் அதைக் கடை என்பதில்லை.
"சவேரிக்கிட்ட இருக்கும்" என்பார்கள்.

இருக்கும்.
விரலில் சுற்றத் துணிக்கீற்று, முழம் இரண்டு ரூபாய்.
பாறை கிழிக்காத செருப்பு, ஒற்றைக்காலும் தருவாள்.
நைலான் பை, கோடாலித் தைலம்,
முங்குகிற கண்ணாடி நூற்று நாற்பது.

எனக்கு அது அதிகம் என்று பட்டது.
மகன் போனில் தொண்ணூற்றொன்பதுக்குக் காட்டினான்.
நீலம். மூக்கோரம் வெள்ளிக் கோடு.
அந்த வாரம்தான் சங்கக் கூட்டத்தில் ஒருவர்
சிறு வியாபாரிகளைக் கைதூக்கி விடுங்கள் என்று
மைக்கில் உருகினார்.
நானும் கைதட்டினேன்.
என் பார்சல் அப்போது திருச்சி தாண்டியிருந்தது.

நான்காம் நாள்
பாம்பன் பஸ் நிறுத்தத்துக்கே வந்தது,
என் பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டு.
அன்றிலிருந்து கடலுக்கு
அவள் கடையின் பின்பக்கமாகப் போனேன்.
அது சுற்று. முள் வேறு.
நாற்பத்தோரு ரூபாய் மிச்சத்துக்கு
ஒருத்தி எவ்வளவு தூரம் நடப்பாள் என்று
நீங்கள் கேட்கக் கூடாது.

அந்த வத்தத்தில் மூன்றாவது முங்கல்.
மரிக்கொழுந்துப் பாசி
பாறையை விட்டுக் கைக்கு வருகிற நேரம்
பட்டை அறுந்தது.
கண்ணாடியைத் துரத்திப் பிடித்தேன்,
கையிலிருந்த பாசி போயிற்று.
சேசுராணி பார்த்துவிட்டாள்.
அவள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி.

மாதத்தில் பாசிக்குப் பன்னிரண்டு நாள்.
இன்னொன்று வந்து சேர நான்கு நாள்.
கழித்தல் எனக்கும் தெரியும்.

நாலரைக்குத் திறந்திருக்கும் கடை
அது ஒன்றுதான்.
போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
துணி கிழித்துக்கொண்டிருந்தாள்.
கண்ணாடியைப் பலகையில் வைத்தேன்.
எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்ல
ராமநாதபுரம் சந்தை, சித்தி மகள்,
எல்லாம் தயாராய் வைத்திருந்தேன்.
செலவாகாத பொய்
தொண்டையிலேயே கிடந்தது.

போனை என் கையில் தந்தாள், பிடி என்பதுபோல.
சைக்கிள் டியூபில் விரல் அகலம் வெட்டி
இரண்டு ஓட்டையிலும் கோத்து
பல்லால் முடிச்சை இறுக்கி
என் பின்னந்தலையில் மாட்டிப் பார்த்து
அவிழ்த்து
அரை அங்குலம் குறைத்தாள்.

"பத்து ரூவா."
இருபதை நீட்டி, மீதி வேண்டாம் என்றேன்.
தகர டப்பாவைத் திறந்தாள்.
இரண்டு ஐந்து ரூபாயை
ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தாள்.
"கடை வச்சிருக்கேன்,
கோயில் உண்டியல் வைக்கல.
வேணும்னா துணி வாங்கிக்க."

ஐந்து முழம் வாங்கினேன்.
தேவை மூன்று.

அன்று கண்ணாடிக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை.
அதற்காக நான் சத்தியம் எதுவும் செய்துவிடவில்லை.
நூற்று நாற்பது இன்னும் நூற்று நாற்பதுதான்,
அவள் குறைக்கிற ஆளில்லை.
மகனுடைய போனில் அந்த ஆப்பும்
அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் பை சொட்டச் சொட்ட
கடையின் முன்பக்கமாக வந்தேன்.
செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தவள்
தலை நிமிராமல் கேட்டாள்:
"எத்தனை கிலோ?"
"பதினொன்னு."
"ம்.
நீலத்துல பாத்தா
பாசி பச்சையாத் தெரியுதா?"