வாங்கியது

லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது.
ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்
எங்களுக்குப் பதினோராவது மாடி.
பத்துக் கிலோ அரிசியை அப்பா தரமாட்டார்.
என் கையில் கீரையும் நெத்திலிப் பொட்டலமும்.

மூன்றாம் மாடியில் அத்தையின் குரல்.
நேற்று, செபராங் ஜெயா மண்டபத்தில், பந்தியில்,
நாலு பேர் காதில் விழும்படி:
"தரைவீட்டை வித்துப் பட்டம் வாங்குனியே யுகேஸ்,
இப்ப எவ்ளோ சம்பளம்?"

சொன்னேன்.
ரசத்தை உறிஞ்சினார். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஹஃபிஸாவும் நானும் ஒரே மேசை, ஒரே ஆடிட் கோப்பு.
அவள் பாலிடெக்னிக்.
சம்பளச் சீட்டில் எங்களுக்குள் வித்தியாசம்
நூற்றிருபது வெள்ளி.
கல்லூரிக்குக் கட்டிய ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை
ஒருநாள் மதியம் அதால் வகுத்தேன்.
நூற்றிருபத்தைந்து வருடம் வந்தது.
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏழாம் மாடி. யாரோ கருவாடு பொரிக்கிறார்கள்.

அத்தைக்குச் சொல்லாதது:
இந்த வேலைக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை.
கூடப் படித்த ஷு வென் தன் அப்பாவிடம் சொன்னாள்,
அவர் யாரிடமோ சொன்னார்.
ஹஃபிஸா போட்ட விண்ணப்பம் நாற்பத்தொன்று.

பாடப்புத்தகம்கூட எங்கள் இருவருக்கும் ஒன்றுதான்.
நான் அங்கே படித்தது வேறு.
பெரிய மனிதர் பேசும்போது குறுக்கே போய்
"இல்லை, அது சரியில்லை" என்பது;
சொல்லிவிட்டு, சாரி சொல்லாமல் இருப்பது.

அப்பாவுக்கு அது வராது.
பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அன்று
தரகர் எட்டாயிரம் குறைத்தார்.
"பரவாயில்ல பாஸ்" என்றார் அப்பா.
நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.
பத்தொன்பது வயது. எனக்கும் அப்போது வரவில்லை.

தம்பிக்கு அதே கல்லூரியிலிருந்து வந்த கடிதம்
நாலு நாளாக என் கைப்பையில்.
விற்க இனி வீடில்லை.
கடன் கழகம் தருவது பாதிக்குக்கூடக் காணாது.
மீதியை நான் கட்டலாம்,
நூற்றிருபது வெள்ளியை மறந்துவிட்டால்.
ஷு வென்னைப் போல் ஒருத்தி
அவனுக்கும் கிடைப்பாள் என்று
யார் எழுதித் தருவார்கள்?

ஒன்பதாம் மாடி வளைவில்
மூட்டையைச் சுவரில் சாய்க்கிறார்.
எதிரே கொடிமலையில் பாதிவரை மேகம்.

"அப்பா, அந்தக் காசு..." என்று ஆரம்பிக்கிறேன்.

"இரும்மா. மூச்சு வாங்குது."

நிற்கிறோம்.
"குடுங்க."
"பரவாயில்ல."
"இல்லைப்பா" என்கிறேன்.
மூட்டையை வாங்கிக்கொள்கிறேன்.
நினைத்ததைவிடக் கனம்.