அரை மணி

ஆண்டுக்கு ஒரு முறை எல்லை தாண்டிப் போய்
செக்காரர்களின் அணு உலையைப் பார்த்து வருவது என் வேலை.
பார்க்கலாம், கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம்.
நிறுத்து என்று சொல்லத்தான் அதிகாரமில்லை.
அடுத்த வீட்டு உலையில் என்ன கொதிக்கிறதென்று
எட்டிப் பார்க்க அழைக்கப்பட்டவள்.
காற்றுக்கு அந்த அழைப்பும் தேவையில்லை.

பையில் எங்கள் காட்டுக் காளான்களின் பதினாறு வருடக் கணக்கு.
எண்கள் சிறியவை.
சிறியவை, சிறியவை என்று
தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே
என் குரல் தட்டையாகிவிட்டது.

நுழைவாயில் கூண்டில் கை நீட்டி நின்றேன்.
மணி அடித்தது.
வெளியே வரும்போது அடித்தாலே வம்பு,
இது உள்ளே போகும்போதே.
காவலாளி என்னைப் பார்த்தான், பிறகு
என் அட்டையில் 'கதிர்வீச்சுப் பாதுகாப்பு' என்றிருந்ததை.

"கோட்டுதான்" என்றார் ஹாவ்ரானெக். "நைலான்.
உங்கள் வீட்டில் நிலவறை உண்டா, ரோஸ்விதா?"

உண்டு. கருங்கல் வீடு.
கோட்டு மாட்டும் ஆணியும் அங்கேதான்.
பாறையிலிருந்து கசியும் ரேடானின் பிள்ளைகள்
நைலானைப் பிடித்துக்கொண்டு
ஐம்பது நிமிடம் என்னோடு காரில் வந்திருக்கின்றன,
கடவுச்சீட்டு இல்லாமல்.

"அரை மணியில் பாதி செத்துவிடும்."
கோட்டை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு
இயந்திரத்துக் காபி குடித்தோம்.
மழை போதவில்லை, இந்த வருடம் காளான் குறைவு என்றார்.
அவர் பறிக்கும் காடும் நான் பறிக்கும் காடும்
ஒரே காடு. நடுவே வெள்ளையடித்த கற்கள்.

பிறகு, சன்னலைப் பார்த்தபடி,
கோட்டிடம் சொல்வதுபோல:
"மதியம் மூன்றாவது குழாயின் பற்றவைப்பைக் கேளுங்கள்.
அறிக்கையைக் கேட்காதீர்கள்.
எக்ஸ்ரே படத்தைக் கேளுங்கள்."

மறுபடி கூண்டு. மணி அடிக்கவில்லை.

மதியம் படத்தைக் கேட்டேன்.
நீள மேசை. பதினோரு பேர்.
மொழிபெயர்க்கும் பெண்
ஒரு சொல்லுக்காக நிரம்ப நேரம் தேடினாள்.
ஹாவ்ரானெக் பேனாவின் மூடியைக்
கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.
"அனுப்பி வைக்கிறோம்" என்றார் இயக்குநர்.
எந்தத் தேதிக்குள் என்றேன்.
தேதியைச் சொல்ல வைத்து,
அவர் கண்முன்னே எழுதிக்கொண்டேன்.

இருட்டிய பிறகு வீடு.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
நிலவறைக்கு இறங்கிச் சன்னலைத் திறந்தேன்.
உள்ளே வந்தது
வடக்கிலிருந்து காற்று.