கீழே வைத்தது

டங்கானன் கோழி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து
பேருந்துக்கு நிற்கும் பதினெட்டு நிமிடமும்
ஒரு வினைச்சொல்லோடு எனக்கு மல்லுக்கட்டு.

புட்.
தேத்துமில் எங்களுக்கு அது தாவ். பொருள்: வை.
முதல் வாரமே பிடிபட்டுவிட்டது.
கத்தியை வை. கையுறையை வை. பெட்டிக்குள் வை.
ஆலைக்குள் வேறு வினை தேவைப்படவில்லை.

அப்புறம் அதற்கு வால் முளைத்தது.
வீட்டுக்காரர் வாடகையை புட் அப் செய்தார்.
நாங்கள் அதை புட் அப் வித் செய்தோம்.
ஏற்றுகிறவருக்கு இல்லாத அந்த 'வித்'
பொறுக்கிறவர் தலையில் மட்டும் கூடுதல் சுமை.
பல் டாக்டரை மூன்று முறை புட் ஆஃப்
(இடது கடைவாய். இன்னும் வலிக்கிறது).
சிகரெட்டை அணைத்தாலும் வை,
சட்டை போட்டாலும் வை, சதை போட்டாலும் வை.
"இவர்கள் எதையும் வைத்துவிட்டுச் சும்மா போவதில்லை, சுல்மிரா"
என்பான் என் பக்கத்தில் நின்று வெட்டும் அகபிட்டோ.
அவன் நோட்டில் முப்பத்தொரு புட் இருக்கிறது.

அடுத்த வீட்டு கோர்ம்லியின் நாய் பிராம்பிள்.
ஒரு கண் பால் பூத்தது.
என் பூட்ஸை நக்காமல் உள்ளே விடாது.
செவ்வாய்க்கிழமை வாசலில் அது இல்லை.
"நேற்று அவளை புட் டவுன் செய்ய வேண்டியதாயிற்று."
புட், வை. டவுன், கீழே.
மடியிலிருந்து இறக்கிவிட்டார் போல.
"எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.
சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பேருந்தில் அகபிட்டோ எதுவும் சொல்லவில்லை,
என் முன்னங்கையில் விரலால் ஊசி போட்டுக் காட்டினான்.
அந்த இரவு சங்கிலியில் தலைகீழாக
பதினோராயிரம் கோழிகள் வந்தன.
அவற்றுக்கு அந்த வினை கிடையாது.

மன்னிப்பை எழுதி எழுதிக் கிழித்தேன்.
அதற்கும் ஒரு புட் இருக்குமோ என்று பயம்.

சனிக்கிழமை அவரே வந்து தட்டினார்.
நகக்கண்ணில் மண்.
பின்பக்கம் கூட்டிப்போனார்.
கம்பி வேலி, ரோவன் மரம்,
புதிதாகப் புரட்டிய ஈர மண்ணின் மேல்
கவிழ்த்த பச்சைக் கிண்ணம்.
"இங்கே வைத்தேன்" என்றார்.
வால் இல்லாத, வெறும் புட்.
"எங்கே என்று என் மகன்கூடக் கேட்கவில்லை."

மழை பிடித்துக்கொண்டது.
கிண்ணத்தின் மேல் அது விழும் சத்தத்தை
இரண்டு பேரும் நின்று கேட்டோம்.
ஆறு நாற்பது பேருந்து போய்விட்டது.