பதினோராவது கேள்வி

நாளை டெல்பின் குரூஸைப் பார்க்கிறேன்.
"பத்தரைக்கு வாங்க, அப்பத்தான் கரண்டு போகும்,
லேத்து நிக்கும், அமைதியாப் பேசலாம்" என்றார் போனில்.
ஒலிபெருக்கி செய்கிறவர்
மின்வெட்டுக்குள் அமைதியைச் சேர்த்து வைத்திருக்கிறார்.
இதை முன்னுரையில் போடலாமா?
வேண்டாம். கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்.

தங்கச்சிமடத்தில், ஐஸ் ஃபேக்டரி மாடியில் அறை.
கீழே பனிக்கட்டி உடைக்கிறார்கள்.
என் குரலைப் பதிந்து கேட்டுப் பார்க்கிறேன்:
"வணக்கம் மேடம், நீங்க இந்தத் தொழிலுக்கு"
மீதியை ஃபேன் தின்றுவிட்டது.
ஜன்னலைச் சாத்தினால் வெக்கை,
திறந்தால் கச்சான்.
மைக்கில் அது மோதும்போது
யாரோ சாக்கை உதறுகிற மாதிரி இருக்கிறது.
காலுறை ஒன்றைக் கழற்றி மைக்குக்கு மாட்டினேன்.
இன்று காலை துவைத்ததுதான்.

பத்துக் கேள்விகள்.
ஒன்று, குரூஸ் ஆடியோ தொடங்கிய கதை.
விளம்பரத் தாளிலேயே இருக்கிறது:
மாதா கோயில் கொடியேற்றம், ஓட்டை ஹாரன்,
கடனாக ஐம்பது ரூபாய்.
நான்கு, அண்ணன்கள் இருவர் இருக்க
நீங்கள் எப்படித் தலைமைக்கு வந்தீர்கள்?
அடித்தேன். பிறகு, அடித்ததையும் அடித்தேன்.
பெரியவர் பந்தலுக்கு வாடகை விடுகிறாராம்,
சின்னவர் தூத்துக்குடியில் கடை.
அப்பா மாதிரி காயில் சுற்ற வந்தது
இந்த அம்மாவுக்குத்தான் என்றார் ஆட்டோக்காரர்.
ஏழு, உப்புக்காற்றில் டயாஃப்ரம் எத்தனை வருடம் தாங்கும்?
ஒன்பது, மகன் வருவானா?
பத்து, வேறேதும் சொல்ல நினைக்கிறீர்களா?
(எல்லோரும் "ஒண்ணுமில்லை" என்பார்கள்,
ரெக்கார்டரை அணைத்ததும் சொல்வார்கள்.)

எட்டு மணிக்குக் கடற்கரைக் கம்பம் பேசியது.
நாலு ஹாரன், நாலிலும் சிவப்பில் குரூஸ்.
காதில் விழுந்தபடியே எழுதினேன்:
"மீனவர்களுக்கு எச்சரிக்கை.
நாளை எந்தப் படகும் எல்லக் கூடாது.
மீறி எல்பவர் மீது"
எழுதியதைப் பார்த்துச் சிரித்தேன்.
எச்சரிக்கை மட்டும் இரட்டைச் ச போட்டுத் தப்பித்திருந்தது.

புரோட்டாக் கடையில் இதைச் சொன்னேன்.
கல்லாவில் இருந்த பாஸ்கலம்மா சிரிக்கவில்லை.
"அதுல ச கேக்காது தம்பி. எப்பவுமே.
குரூசுங்கிறதே குரூஊன்னுதான் கேக்கும்."
சில்லறையை எண்ணினார்.
"மூணு வருசம் முன்னாடி, புயலுக்கு மறுநா ராத்திரி,
ரெண்டு போட்டு காணோம்.
சேசையா கரை வந்துட்டாருன்னு சொன்னாங்க.
ஏசையா பொண்டாட்டி ஓடிப்போய் உலை வச்சா."
பத்து ரூபாய் குறைந்தது. திரும்ப எண்ணினார்.
"சோறு வெந்துருச்சு."

மூன்று கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கும்
என்கிறது விளம்பரத் தாள்.
கேட்டதே, அதுதானே விஷயம்.
அறிவித்த ஆள் தண்ணீர் குடித்துவிட்டு
இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்.
கச்சான் கொஞ்சம் நின்றிருக்கலாம்.
ஞானஸ்நானம் கொடுத்த சாமியார்
ஒருவருக்காவது மரியான் என்று வைத்திருக்கலாம்.
யாரைப் பேட்டி எடுப்பது?

பதினொன்று:
உங்கள் தயாரிப்பில் ஒரு குறை இருப்பதாக
அடித்தேன்.
அந்த இரவு நீங்கள் எங்கே
அடித்தேன். நான் போலீஸ் இல்லை.
உங்களுக்குத் தெரியுமா?
இதை அடிக்கக் கை வரவில்லை,
வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.
அவருக்குத் தெரியாமல் இருக்குமா,
ஊரே ச இல்லாமல் ஜெபம் கேட்கும்போது?

தனித்தாளில் இரண்டு பெயர்களை எழுதினேன்,
ஒன்றன்கீழ் ஒன்றாக, பெரிய எழுத்தில்.
பத்தரைக்குக் கரண்டு போனதும்
எடுத்து நீட்டுவேன்.
படியுங்கள் என்பேன், வெறும் வாயால்.
பிறகு எவ்வளவு நேரமானாலும்
நான் பேசக் கூடாது. அதையும் எழுதிக்கொண்டேன்.

பேட்டரி இரண்டு இருக்கிறது.
ஒரு காலில் காலுறை இல்லாமல்தான்
போக வேண்டியிருக்கும்.