வேறுபடுத்துக (ஐந்து மதிப்பெண்)

ருவி ஹை ஸ்ட்ரீட்டின் பின்சந்து.
மூன்றாம் மாடி ஏசி ஒழுகுகிறதாம், கம்ப்ளெயின்ட்.
ஏணியைச் சாய்த்துவிட்டு
போனைக் காதில் வைக்கிறேன்.
ஜெசிந்தா பேசி அனுப்பியிருக்கிறாள்.
ஆசிரியர் தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள்.
வாகை, ஃபியூனேரியா என்னும் மாஸ்,
வேறுபடுத்துக.

வாகைக்கு வேர் உண்டு, மாஸுக்கு இல்லை.
பூ உண்டு, இல்லை.
விதை உண்டு, இல்லை.
நடுவில் சின்னவன் இருமுகிறான்.
நீர் ஏற்றும் குழாய் உண்டு, இல்லை.
"சரியான்னு பாருங்க."

பார்க்கிறேன்.
இரண்டும் இங்கேதான் இருக்கின்றன.

லாண்டரி வாசலில் வாகை.
போன வருட நெற்றுகளை இன்னும் உதறவில்லை;
சூட்டுக்காற்றில் யாரோ பாக்கெட்டில்
சில்லறை குலுக்குகிற சத்தம்.
அதற்கு மேல் புதுப்பூ,
இஸ்திரி போடும் யாகூபின் தலையெல்லாம் மஞ்சள் தூள்.
காலடியில் நகராட்சியின் கறுப்புக் குழாய்
கணக்காகச் சொட்டுகிறது.

சுவரோரம் மற்றது.
ஃபியூனேரியாவோ வேறெதுவோ,
ஊரில் பாசி என்போம், வழுக்கினால் திட்டுவோம்.
உள்ளங்கை அகலம். பூனை மிதித்த தடம்.
இதற்கு மழை தெரியாது.
கடல்காற்றை ஏசி பிழிந்து விட்ட
தண்ணீரில் பிழைக்கிறது,
உடம்பு முழுக்க வாயாக.

சரியாகத்தான் சொல்கிறாள்.
ஆனாலும் நான்கு "இல்லை"யைச் சேர்த்து
ஓர் உயிரை எப்படி எழுதுவது?

வடிகுழாயை அடைத்தேன்.
பிஜு கையெழுத்துப் போட்டார்: ஒழுகல் நின்றது.

ஏணியை வண்டியில் ஏற்றும்போது அடுத்த குரல்:
"ஒண்ண விட்டுட்டேங்க.
வாகைக்கு வண்டு வந்தாப் போதும்.
மாஸுல ஆணணு நீந்தித்தான் போகணும்.
ஒரு சொட்டாவது தண்ணி வேணும்,
இல்லாட்டி பக்கத்துலயே இருந்தாலும் சேராது."

பக்கத்திலேயே இருந்தாலும்.
இரண்டு முறை கேட்டேன்.
நாலரை மார்க் என்று அனுப்பினேன்.
அரை மார்க் எங்கே என்று சண்டைக்கு வந்தாள்.

இருபது நாள் கழித்து அதே சந்து, வேறு ஏசி.
வாகை பூத்து முடித்திருந்தது,
எதையும் கவனித்த மாதிரி இல்லை.
சுவரோரம் வடிகட்டியில் மிஞ்சிய
டீத்தூள் போல் ஒன்று
ஒட்டிக்கொண்டிருந்தது.
பாட்டிலில் கால்வாசி தண்ணீர்.
அதுவும் முன்பு கடலாக இருந்ததுதான்.
ஊற்றினேன்.

ஏணியை மடிப்பதற்குள்
ஓரத்திலிருந்து பச்சை.

அன்று மாலை கேட்டேன், தேர்வு எப்படி?
அந்தக் கேள்வி வரவே இல்லையாம்.